மத்தியானத்தில் அள்ளாத கிணறு

எங்கள் ஒழுங்கை ஆட்களால் தங்கள் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசாமல் இருக்க முடியாது. பிள்ளைகளின் சோதனைப் பெறுபேற்றைக்கூடக் கேட்டால்தான் சொல்வார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவே தேவையில்லை. விருந்தாளி கதிரையில் அமரும் முன்பே கையில் செம்பு வந்துவிடும். அவர் ஒரு மிடறு குடிக்கும்வரை வீட்டுக்காரர் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பார். குடித்தவர் நல்ல தண்ணீர் என்று சொல்லாவிட்டால் கதை மேலே நகராது.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. நிலாவெளி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடல் இல்லாத பக்கமாகத் திரும்பினால் வருகிற ஒடுக்கமான மணல் பாதைதான் எங்கள் ஒழுங்கை. எல்லா வீட்டு வளவிலும் கிணறு இருக்கிறது, எல்லாம் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், வாழைக்கு ஊற்றலாம், வாயில் வைக்க முடியாது. குழாய்த் தண்ணீர் பெரிய வீதியோடு நின்றுவிட்டது. ஒழுங்கைக்குள் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்றுதான். அது ஒழுங்கையின் முடிவில், வெளிநாட்டில் இருக்கும் ஒருவருடைய பெரிய தென்னங்காணியின் மூலையில் இருக்கிறது. காணிக்காரரை நான் கண்டதே இல்லை. ஆனால் கிணற்றுக்குப் போவதற்காக வேலியில் விட்ட இடைவெளியை, அந்தப் பொட்டை, அவரும் அடைக்கவில்லை, அவருக்கு முந்தியவர்களும் அடைக்கவில்லை.

அந்தக் கிணற்றுக்கு இரண்டு சட்டம் உண்டு. மோட்டர் பூட்டக்கூடாது, வாளியால்தான் அள்ள வேண்டும். உச்சிப்பொழுது தொடக்கம் வெயில் தாழும்வரை ஒருவரும் அள்ளக்கூடாது. ஏன் என்று கேட்டால் அந்த நேரத்தில் கிணற்றடியில் முனி நிற்கும் என்பார்கள். நான் அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். எத்தனையோ பெரிய அதிகாரிகளைச் சமாளித்த எனக்கு முனி ஒரு பொருட்டா? இருந்தாலும் கலியாணம் முடித்து இந்த ஒழுங்கைக்கு வந்த நாள்தொட்டு நானும் மத்தியானத்தில் அங்கே போனதில்லை. போனால் முன்வீட்டுச் சம்மாட்டியார், கரைவலைக்குச் சொந்தக்காரர், வாசலில் நின்று, "என்ன, வீட்டில தண்ணி முடிஞ்சு போச்சோ?" என்று கேட்பார். குடம் காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்த பொம்பிளை என்று பெயர் எடுப்பதைவிட முனியிடம் அறை வாங்கலாம்.

அந்தக் கிணறு யாருக்கு அதிகம் வேண்டுமென்றால் மச்சாளுக்குத்தான். என் கணவரின் தங்கை. நானும் அவவை மச்சாள் என்பேன், அவவும் என்னை மச்சாள் என்பா. சம்பூரில் வாழ்க்கைப்பட்டு, 2006இல் சண்டை வந்து எல்லோரும் ஊரைவிட்டு ஓடியபோது தானும் ஓடி, முகாம் முகாமாகத் திரிந்து, கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவ. அதற்கு முன்பே கணவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தா. பிறகு சம்பூரில் பிடித்து வைத்திருந்த காணிகளை அரசாங்கம் திருப்பி விட்டபோது பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனா. அன்று பின்னேரமே திரும்பி வந்து குசினிக்குள் நின்றபடி, "கிணறு தூர்ந்து போச்சு மச்சாள்" என்றா. வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சம்பூர்க் கதையை எடுத்ததும் இல்லை.

அடுத்த கிழமையே ஒழுங்கை முகப்பில், பஸ் நிற்கும் இடத்தில், தகரக் கூரை போட்டு ஒரு சாப்பாட்டுக்கடை திறந்தா. காலையில் இடியப்பம், சொதி, பருப்பு. நாள் முழுக்கத் தேத்தண்ணீர். குச்சவெளிப் பக்கம் போகிற பஸ்காரர்கள் அங்கே நிற்பாட்டாமல் போவதில்லை. சனங்கள் உள்ளே இருந்து முணுமுணுப்பார்கள், சாரதி காதில் வாங்க மாட்டார். அந்தத் தேத்தண்ணீரின் சுவைக்குக் காரணம் கேட்டால் மச்சாள் தேயிலையையும் சொல்ல மாட்டா, தன் கையையும் சொல்ல மாட்டா. ஒழுங்கை முடிவைக் கையால் காட்டுவா, அவ்வளவுதான்.

இப்படி நாங்கள் பாட்டுக்கு இருந்தபோதுதான் தென்னங்காணியை ஒரு கொம்பனி நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. அங்கே தரவு மையம் வரப்போகிறதாம். ஹோட்டல் என்றால் எங்களுக்கு விளங்கும். உப்பளம் என்றாலும் விளங்கும். இது என்னவென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்கிற செயற்கை நுண்ணறிவுக்கு உடம்பு வைக்கிற இடம் என்று கணவர் விளக்கம் சொன்னார். அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைத் திருத்துகிற பகுதியில் இருக்கிறவர், எல்லா இயந்திரத்துக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். "பெரிய மண்டபம் நிறையப் பெட்டி. எல்லாம் இரவு பகலா யோசிச்சுக்கொண்டே இருக்கும். யோசிச்சா சூடாகும். சூட்டை ஆத்தத் தண்ணி வேணும்" என்றார்.

"யோசிக்கச் சூடாகுமெண்டா உங்களுக்கு ஒரு நாளும் ஆகேல்லையே" என்றேன். மச்சாள் சிரித்தா, அவரும் சிரித்தார்.

அந்தச் செயற்கை நுண்ணறிவோடு எனக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிற மகன் என் போனில் போட்டுத் தந்திருந்தான். மூட்டு நோவுக்கு என்ன செய்யலாம், மல்லிகை ஏன் பூக்கவில்லை, எல்லாம் கேட்பேன். எவ்வளவு ஏசினாலும் கோபிக்காத ஒரே ஆள் அதுதான். அதற்குத் தாகம் எடுக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கொம்பனியில் இருந்து முதலில் வந்தவள் கிண்ணியா ஊர்ப் பிள்ளை ஒருத்தி. முக்காடு கட்டி, மணலுக்குப் பொருத்தமில்லாத சப்பாத்துப் போட்டுக்கொண்டு, வெயிலில் முகம் சிவந்துபோய் வந்தாள். தண்ணீர் பற்றிப் படித்த எஞ்சினியர். கொழும்பில் வேலை. ஊர்ப்பக்கம் ஒரு வேலை கிடைத்ததென்று சந்தோஷமாக வந்திருக்கிறாள். வீடு வீடாகப் போய் எங்கள் கிணற்றைப் பற்றிக் கேட்டாள். எல்லா வீட்டிலும் அவளுக்குச் செம்பு நீட்டப்பட்டது. எல்லா வீட்டிலும் அவள் குடித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பாவம், வயிறு தளும்பிக்கொண்டிருந்திருக்கும்.

சம்மாட்டியார் அன்று அவளோடு கூடவே திரிந்தார். ஒழுங்கைக்குத் தெருவிளக்கு வரும் என்ற எண்ணம் அவருக்கு. என்னையும் குற்றம் சொல்ல வேண்டும், ஒழுங்கைக்குத் தார் போடுவார்கள் என்ற எண்ணம் எனக்கு. மணலில் நடந்து நடந்தே என் மூட்டு தேய்ந்துவிட்டது.

"கோடையில வத்துமா அங்கிள்?" என்று அவள் கேட்டாள்.

"வத்துறதோ? பிள்ளை, பக்கத்தில குளமே வெடிச்சுக் கிடந்த வருசமும் இது வத்தேல்ல. எடுக்க எடுக்க ஊறும்."

"எப்பவும் அள்ளுவீங்களா? காலை, பகல், பின்னேரம்?"

"எந்த நேரம் வந்தாலும் தண்ணி நிக்கும்" என்றார் சம்மாட்டியார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அது பொய்யில்லை. எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் தண்ணீர் நிற்கும்தான். உச்சிப்பொழுதில் நாங்கள் அள்ளுவதில்லை என்பது அந்த இடத்தில் ஒருவருக்கும் வாயில் வரவில்லை. மறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. படித்த பிள்ளை ஒன்றிடம் போய் முனியைப் பற்றிக் கதைப்பதா? நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அது ஒரு செய்தியாகவே தோன்றவில்லை. மூச்சு விடுகிறீர்களா என்று யாராவது கேட்டால்தானே மூச்சைப் பற்றிச் சொல்வோம்.

பிறகு பல்நோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கொம்பனியின் பெரியவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார், தமிழ் தெரியாதவர், கிண்ணியாப் பிள்ளைதான் இடையில் நின்று மொழிபெயர்த்தாள். நான் சண்டை பிடிக்கவென்றே நல்ல சேலை உடுத்துக்கொண்டு போனேன். மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள், ஏற்கெனவே எங்களுக்குக் கரண்ட் நின்று நின்றுதானே வருகிறது என்று கேட்டேன். தனியாகக் கம்பி இழுப்போம், அது நின்றால் ஜெனரேற்றர் இருக்கிறது என்றார். அந்த இரைச்சலை யார் கேட்பது என்றேன். சுவர் கட்டுவோம் என்றார். வேலை யாருக்குக் கிடைக்கும் என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். கட்டுகிற காலத்தில் நிறையப் பேருக்கு, கட்டி முடிந்த பிறகு காவலுக்கும் துப்பரவுக்கும் சிலருக்கு என்றார். மனிதர் எதற்கும் கோபப்படவில்லை. நல்லபடியாகப் பதில் சொல்கிற ஆளோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் கண்டேன்.

கடைசியில் மச்சாள் எழும்பினா. கூட்டத்தில் கதைத்துப் பழக்கமில்லாதவ. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டா.

"நீங்கள் எடுத்தாப் பிறகு எங்களுக்கு மிஞ்சுமோ?"

கிண்ணியாப் பிள்ளை அதையும் மொழிபெயர்த்தாள். பெரியவர் சிரித்துவிட்டு, ஒரு வீடு விடாமல் எல்லோரும் இது வற்றாத கிணறு என்று சொன்னீர்களே, உங்கள் சொல்லை நம்பித்தானே வந்திருக்கிறோம் என்றார். மண்டபத்தில் எல்லோரும் சம்மாட்டியாரைப் பார்த்தார்கள். சம்மாட்டியார் மின்விசிறியைப் பார்த்தார். எங்கள் கிணறு அப்படி ஒன்றும் பெரிய கிணறு இல்லை என்று எழும்பிச் சொல்ல அந்த மண்டபத்தில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. அப்படிச் சொல்லுவதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டு செத்துப் போவார்கள்.

ஆவணி வெயிலில் சோதனைக்கு மோட்டர் வந்தது. கட்ட முன்பு எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்று இறைத்துப் பார்க்க வேண்டுமாம். தடித்த குழாயை எங்கள் கிணற்றுக்குள் இறக்கி, நிற்பாட்டாமல் இறைத்தார்கள். இறைத்த தண்ணீர் தென்னைகளுக்கு நடுவே ஓடி மணலில் சுவறியது. முதல் நாள் மத்தியானம் ஒழுங்கையில் முக்கால்வாசிப் பேர் வேலிப் பொட்டடியில் வந்து நின்றோம். உச்சிப்பொழுதில் அந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் வருவதை ஒருவரும் கண்டதில்லை. ஏதோ செய்யக்கூடாததைச் செய்வதைப் பார்ப்பதுபோல இருந்தது, எனக்கும்தான்.

"பிள்ளையிட்டச் சொல்லுவமோ?" என்று மச்சாள் மெதுவாகக் கேட்டா.

"என்னெண்டு சொல்லுறது? முனிக்கு நித்திரை குழம்புதெண்டோ?" என்றார் சம்மாட்டியார். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

முதலில் பிழை காட்டியது பருப்பு. சில நாள் கழித்து ஒரு காலையில் மச்சாள் சட்டியோடு என் குசினிக்கு வந்தா. "மச்சாள், இதைப் பாருங்கோ. விடிய வைச்சது, இன்னும் அவியேல்ல" என்றா. கரண்டியால் அள்ளிக் காட்டினா. பருப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக, மணல்போலக் கிடந்தது. கடைக்காரன் பழைய பருப்பைத் தந்துவிட்டான் என்றேன். அவ கிணற்றுத் தண்ணீரைக் கிளாசில் வார்த்துத் தந்தா. குடித்தேன். நாக்கின் ஓரத்தில் சவர். மெல்லிய சவர்தான், ஆனால் சவர்.

அன்று ஒரு பஸ் சாரதி தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். காசை முழுதாக வைத்துவிட்டுப் போனார், நல்ல மனிதர். அடுத்த நாள் அந்த பஸ் நிற்காமல் போனது. மச்சாள் கடைக்குள் கேத்திலுக்குப் பக்கத்தில் நின்று அது போவதைப் பார்த்தா. பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

"ஒரு கிணத்தை விட்டிட்டு வந்தனான் மச்சாள். இன்னொருக்கா என்னால ஏலாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். ஒழுங்கையில் பாதி தூரம் போனபோதுதான் தலைக்கு மேலே வெயில் நிற்பதைக் கண்டேன். நல்ல உச்சிப்பொழுது. சம்மாட்டியார் வாசலில் நின்று, "எங்க இந்த நேரத்தில?" என்றார். "முனியோட கதைக்கப் போறன்" என்றேன். அவரும் என் பின்னால் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள்.

கிண்ணியாப் பிள்ளை கிணற்றடியில் ஒரு சின்னக் கருவியைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். நான் சட்டியை அவள் முன்னால் வைத்தேன். "சாப்பிட்டுப் பாரும்" என்றேன். சண்டைக்குப் போகிறவள் சாப்பாட்டோடு போவது எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும். அவள் ஒரு பருப்பை எடுத்துக் கடித்தாள். பிறகு கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அவளுடைய முகம் விளங்கியது.

"நேத்தில இருந்து உப்பு ஏறுது அன்ரி. நானே இன்டைக்கு நிப்பாட்டச் சொல்லத்தான் வந்தன்."

எழும்பிப் போய் மோட்டரை நிற்பாட்டினாள். ஜெனரேற்றர் அடங்கியதும் தென்னோலைச் சத்தம் திரும்பக் கேட்டது. பிறகு அவள் மணலில் விரலால் கீறி விளக்கினாள். எங்கள் மணலுக்குக் கீழே முழுக்கக் கடல் தண்ணீர்தான். மழைத் தண்ணீர் அதற்கு மேலே மெல்லிய ஏடாக மிதக்கிறது. இந்தக் காணியில் மணல் உயரம், அதனால் ஏடு கொஞ்சம் தடிப்பு. பாலாடையைக் கரண்டியால் மெல்ல வழிக்கிற மாதிரி எடுத்தால் நல்ல தண்ணீர். இழுத்து எடுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். எடுக்காமல் விட்டால் திரும்பக் கீழே இறங்கும், ஆனால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

"இப்படித்தான் இருக்கும் எண்டு நான் யோசிச்சனான். அதாலதான் எப்பவும் அள்ளுவீங்களா எண்டு கேட்டன். நீங்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லையே."

கடைசியில் சம்மாட்டியார்தான் தொண்டையைச் செருமினார். "மத்தியானத்தில அள்ளுறேல்ல, பிள்ளை. இஞ்ச ஒரு... உச்சிக்கு ஒண்டு நிக்கிறதெண்டு ஒரு கதை" என்றார். அவருடைய காது சிவந்துபோயிருந்தது. வலை இழுக்கிற ஆட்களைக் கடற்கரை அதிர ஏசுகிற மனிதர், ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால் வெட்கப்பட்டு நின்றார்.

அவள் சிரிக்கவில்லை. "எங்கட வீட்டில நான் பிறக்க முந்தியே குழாய் வந்திட்டு அங்கிள். இல்லாட்டி எனக்கும் உம்மா சொல்லித் தந்திருப்பா" என்றாள். எவ்வளவு நேரம் அள்ளாமல் விடுவீர்கள், கோடையில் கூடுதலாகவா, மாரியில் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இந்த முறை எல்லோரும் ஒரேயடியாகக் கதைத்தோம்.

கொம்பனி எங்களுக்கு பவுசர் லொறியில் தண்ணீர் அனுப்பியது. அதைக் குறை சொல்ல மாட்டேன், ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் பவுசர்த் தண்ணீரில் போட்ட தேத்தண்ணீருக்கு மருந்து மணம். பழகியவர்கள் மச்சாளின் முகத்துக்காக வந்து குடித்துவிட்டுப் போனார்கள். அவ காலையில் கடை திறப்பா, சிரிப்பா, கதைப்பா. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் கிணற்றில் ஒரு செம்பு மட்டும் அள்ளி வந்து, ஒரு கைப்பிடி பருப்பு அவிய வைப்பா. அவியாது. அதைக் கோழிக்குக் கொட்டிவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பா. மற்ற யாரும் அந்தக் கிணற்றில் வாளி போடவில்லை. மத்தியானத்தில் மட்டுமில்லை, எந்த நேரத்திலும் போடவில்லை. நோயாளி படுத்திருக்கும் வீட்டு வாசலைக் கடப்பதுபோலச் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போய் வந்தோம்.

அந்த நாட்களில் ஒருநாள் போனை எடுத்து அந்தச் செயற்கை நுண்ணறிவிடமே கேட்டேன்: நீ எந்தக் கிணற்றில் குடிக்கிறாய்? அது மிகவும் மரியாதையாக, நீளமாகப் பதில் சொன்னது. தண்ணீர் தேவைப்படுவது உண்மை, இடத்துக்கு இடம் அது வேறுபடும், தான் எங்கே இருந்து பேசுகிறது என்று தனக்கே நிச்சயமாகத் தெரியாது என்றது. எனக்குக் கோபத்துக்குப் பதிலாக ஒருவித இரக்கம் வந்தது. தான் குடிக்கும் கிணறு எதுவென்று தெரியாமல் வாழ்வது என்ன வாழ்வு? அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை என்று சொன்னால் பொய். மல்லிகை திரும்பவும் மொட்டுக் கருகியபோது அதனிடம்தான் கேட்டேன். ஆனால் சும்மா வம்பளப்பதை விட்டுவிட்டேன். யாரோ ஒருத்தியின் பருப்பு அவிய வேண்டுமே.

ஐப்பசியில் மழை தொடங்கியது. கார்த்திகையில் ஒழுங்கை முழுக்க வெள்ளம், தவளைச் சத்தத்தில் தொலைக்காட்சி கேட்கவில்லை. கொம்பனியின் ஆட்கள் மோட்டரையும் குழாயையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் பேச்சைக் கேட்டுப் போனார்களா, உப்பைக் கண்டு போனார்களா, வேறு ஏதும் கணக்கா என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கிண்ணியாப் பிள்ளை மட்டும் போகிறபோது கடைக்கு வந்து, "உப்புத் தண்ணி எங்கட மெசினுக்கும் ஆகாது அன்ரி" என்றாள்.

"அப்ப எங்களுக்கும் உங்கட மெசினுக்கும் ஒரே வயிறுதான்" என்றா மச்சாள், அவளுக்குச் சுடச்சுடப் பொரித்த ஒரு றோல்ஸைக் கட்டிக் கொடுத்துக்கொண்டே. லொறி வருவதற்காக ஒழுங்கைக்கு அவர்கள் போட்ட கிறவல் கல் எங்களுக்கு மிச்சம். தார் இல்லை. தெருவிளக்கும் இல்லை. என் மூட்டுக்குக் கிறவல் மணலைவிடப் பரவாயில்லை.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. மழை விட்டு, வெயில் ஈரமாக அடித்துக்கொண்டிருந்தது. நான் என் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மச்சாள் சட்டியோடு வந்து நின்றா. கரண்டியைச் சட்டிக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினா. பருப்புக் கரைந்து, மஞ்சளாகக் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவ அழுதா. நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். இரண்டு பேருமாக அந்தச் சட்டியைச் சுற்றி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டோம்.

அடுத்த நாள் காலை ஒழுங்கை முழுவதற்கும் அவவுடைய கடையில் இடியப்பமும் பருப்பும். சம்மாட்டியார் மூன்றாம் தரமும் கேட்டு வாங்கினார். என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு, நன்றாகச் சுவைத்து, யோசித்து, "உப்புக் காணாது" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பில் வீதியில் போன பஸ் தானாகவே நின்றது. ஆவணியில் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்த அதே சாரதி இறங்கி வந்தார். வந்தவருக்கு முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்துவிட்டு எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இப்போது எல்லாம் பழையபடிதான். கடை நிறைய ஆட்கள். ஒழுங்கைக்கு யார் வந்தாலும் செம்பு நீட்டுகிறோம். ஒரு வித்தியாசம்: குடித்தவர் நல்ல தண்ணீர் என்றதும், மத்தியானத்தில் அள்ளுகிறதில்லை என்று சம்மாட்டியார் தானாகவே சொல்கிறார். முனியையும் விடவில்லை, மழைத்தண்ணீர் ஏட்டையும் விடவில்லை, இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். மணலில் விரலால் கீறிக் காட்டவும் பழகிவிட்டார்.

போன கிழமை கிண்ணியாப் பிள்ளை என் போனுக்கு எடுத்தாள். சுகம் விசாரித்தாள். கொம்பனிக்கு வேறு இடம் கிடைத்திருக்கிறது, தெற்கே, இதே கரையில் தூரத்தில் ஒரு ஊர் என்றாள். அடுத்த நாள் அங்கே முதல்முறையாகப் போகிறாளாம். "பெரிய கிணறாம் அன்ரி. ஒரு நாளும் வத்தாதெண்டு ஊராக்கள் சொல்றாங்களாம்."

எங்கள் கிணறு தப்பியது என்ற நிம்மதி உள்ளே இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. சந்தோஷம் பிள்ளை, கவனமாகப் போய் வாரும் என்று சொல்லிவிட்டு போனை வைக்கப் போனேன். பக்கத்தில் இடியப்பம் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்த மச்சாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, போனைத் தரச் சொல்லி வாங்கினா.

"பிள்ளை, அங்க மத்தியானத்தில அள்ளுறவையோ எண்டு கேளுங்கோ" என்றா.

கேட்கிறேன் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். மச்சாள் தலையை ஆட்டினா. ஆனால் போனை என்னிடம் தரவில்லை.

"முதலில சிரிப்பினம். வெக்கப்படுவினம். ஒண்டுமில்லை எண்டு சொல்லுவினம். திருப்பியும் கேளுங்கோ."